தயவு என்ற தலைப்பில் வாலிபர் நிகழ்ச்சி: 3,000 ரூபாய்க்கு என்ன செய்யலாம்?

ஜூன் 28, காலை. கேள்வி (குடியாத்தத்திலிருந்து ஒரு தங்கை)

எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் 30 பேர் இருக்கிறோம். ஆகஸ்ட் 2, சனிக்கிழமை "தயவு" என்ற தலைப்பில் ஒரு நாள் நிகழ்ச்சி நடத்தச் சொல்லி ஆயர் கேட்டிருக்கிறார். கையில் 3,000 ரூபாய் இருக்கிறது. முதியோர் இல்லம் ஒன்றுக்குப் போய்ப் பழமும் பிஸ்கட்டும் கொடுத்து, இரண்டு பாட்டுப் பாடிவிட்டு வரலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள் அண்ணா.

ஜூன் 28, இரவு

பழம் வாங்க வேண்டாம். பணம் இப்போதைக்குப் பொருளாளரிடமே இருக்கட்டும். உங்களில் இரண்டு பேர் மட்டும் அடுத்த வாரம் வெறுங்கையோடு அந்த இல்லத்துக்குப் போய், என்ன வேண்டும், எந்த நாளில் வேண்டும் என்று கேட்டுவிட்டு வாருங்கள். நிகழ்ச்சியின் முதல் பாகமே அதுதான். மிச்சத்தை அவர்கள் சொல்லும் பதிலை வைத்துத்தான் யோசிக்க முடியும்.

பதினோரு வருடமாக வேலூரில் ஒரு சபையின் வாலிபர்களோடு இருக்கிறேன். நாங்களும் ஒரு டிசம்பரில் 22 பேர் கேக் டப்பாக்களோடு ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனோம். அன்று காலையிலிருந்து நாங்கள் மூன்றாவது கூட்டம். பெரியவர்கள் எல்லோரையும் வரிசையாக நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். மூன்றாவது முறையாகக் கைதட்டினார்கள், மூன்றாவது முறையாகக் கேக்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். மூலையில் இருந்த தாத்தா ஒருவர் மட்டும் வாங்கவில்லை. "சர்க்கரை இருக்குப்பா" என்றார். அப்புறம் எங்கள் பையன் ஒருவனை அருகில் கூப்பிட்டு, "தம்பி, உன்கிட்ட நெயில் கட்டர் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

22 பேரில் ஒருவரிடமும் இல்லை. 40 கேக் துண்டுகள் இருந்தன.

அடுத்த சனிக்கிழமை நான்கு பையன்கள் மட்டும் திரும்பிப் போனார்கள். இல்லத்து நர்ஸ் முதலில் ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்தார்: சர்க்கரை நோய் உள்ளவர்களின் கால் நகத்தை நாம் வெட்டக் கூடாது, சின்னக் காயம் பட்டாலும் ஆறாமல் புண்ணாகிவிடும், அவர்களுக்குத் தானே பார்த்துக்கொள்வதாக. அந்தத் தாத்தாவின் காலை நர்ஸ்தான் பார்த்தார், பையன் பக்கத்தில் தண்ணீர்ச் சட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மற்றவர்களுக்குப் பையன்கள் செய்தார்கள். கால் மணி நேரம் வெந்நீரில் ஊற வைத்தும் சில நகங்கள் புளியங்கொட்டை மாதிரி கெட்டியாகவே இருந்தன. ஒரு பாட்டிக்குப் பெருவிரல் நகம் வளைந்து சதைக்குள் இறங்கியிருந்தது, அதனாலேயே அவர் சில மாதமாகச் செருப்புப் போடவில்லை. பிளஸ் டூ படிக்கும் பையன் அந்தக் காலைத் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, "இது ரொம்ப ஆழமா இருக்கு சிஸ்டர், நீங்க வாங்க" என்று நர்ஸைக் கூப்பிட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஜூன் 29, மதியம்

நேற்று எழுதியதில் முக்கியமான ஒன்று விட்டுப்போனது. உங்கள் 30 பேரில் 18 வயது ஆகாதவர்கள் எத்தனை பேர்? அவர்களுடைய பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வெளியே போகும்போது யாரும் தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேராகவும் வேண்டாம், மூன்று பேர் ஒரு குழு, அதில் ஒருவர் பெரியவர். ஐந்தரை மணிக்கு எல்லோரும் கோயில் வளாகத்தில் இருக்க வேண்டும். ஒரு பெண்ணை ஏழு மணிக்கு வீட்டில் விட்டால், அடுத்த முறை அந்தப் பெண்ணை மட்டுமல்ல, அந்தத் தெருப் பெண்கள் யாரையுமே அனுப்ப மாட்டார்கள்.

வேத பாடத்துக்கு எந்தப் பகுதி என்று கேட்டிருந்தீர்கள். எல்லோரும் நல்ல சமாரியனைத்தான் எடுப்பார்கள். நான் 2 சாமுவேல் 9-ஆம் அதிகாரம் எடுப்பேன். 13 வசனங்கள்தான். தாவீது ராஜாவின் நண்பன் யோனத்தான், முந்தின ராஜா சவுலின் மகன், போரில் இறந்துபோனவன். தாவீது முதலில் ஒரு கேள்வி கேட்கிறார்: யோனத்தானுக்காக நான் தயவு செய்யும்படி சவுலின் வீட்டில் இன்னும் யாராவது இருக்கிறார்களா? சவுலின் வீட்டு வேலைக்காரன் சீபா வந்ததும் அதே கேள்வியை மறுபடியும் கேட்கிறார். அப்போதுதான் லோதேபார் என்ற ஊரில் இருக்கும் யோனத்தானின் மகன் மேவிபோசேத் தெரியவருகிறான். ஐந்து வயதில் தாதியின் கையிலிருந்து விழுந்து இரண்டு காலும் முடமானவன். பயந்துகொண்டு வந்தவனிடம் பயப்படாதே என்கிறார் ராஜா. தாத்தாவின் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கிறார். அப்புறம் பந்தி. அந்தச் சின்ன அதிகாரத்துக்குள் ராஜாவின் பந்தி நான்கு முறை வருகிறது. ஒரு நாள் விருந்தாக இருந்திருந்தால் ஒரு முறை எழுதினால் போதும். அவன் தினமும் அங்கே சாப்பிட்டான். அதனால் நான்கு முறை.

உங்கள் பிள்ளைகள் இதைத் தாங்களாகவே கண்டுபிடிக்கட்டும். "பந்தி எத்தனை முறை வருகிறது, எண்ணுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள்.

தயவு என்ற வார்த்தையையும் விடாதீர்கள். கலாத்தியர் 5:22-இல் ஆவியின் கனிகளில் ஐந்தாவது அது, நீடியபொறுமைக்கு அடுத்து வருகிறது. ஆனால் வாரத்தில் நம் கண்ணில் அது எங்கே படுகிறது? "தயவுசெய்து வாகனத்தை நிறுத்தாதீர்", "தயவுசெய்து காலணிகளை வெளியே விடவும்." டிடிபி வேலை செய்யும் எனக்கு மாதத்துக்குப் பத்து போர்டாவது இந்த வார்த்தையோடு வரும். ஆளுக்கு ஒரு சீட்டுக் கொடுத்து, கடைசியாக யாரிடம் தயவுசெய்து என்று சொன்னீர்கள் என்று எழுதச் சொன்னேன் ஒருமுறை. ஒரு பெண், "தண்ணி குடத்தை இறக்கி வைக்க எங்க அண்ணன்கிட்ட, அவன் இறக்கலை" என்று எழுதியிருந்தாள். அந்த அண்ணன் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தான். கூட்டம் முழுக்கச் சிரிப்பு, அவனும் சேர்ந்து சிரித்தான். அடுத்த வாரம் வேலைக்கு ஆள் கேட்டபோது அவன்தான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தான்.

மாலையில் ஒரு சின்ன நாடகம் போட நினைத்தால் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் கதையை எடுக்கலாம். வேலூரில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் கதவைத் தட்டிய கதை. நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம், மனப்பாடம்.

ஜூலை 1, இரவு

"பசித்தவருக்குச் சாப்பாடு கொடுப்பதில் என்ன தப்பு" என்று ஆற்காட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். தப்பே இல்லை. பசித்தவர் யார் என்று தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் நான் சொல்வது. இதை எந்த இடத்தில் கற்றுக்கொண்டேன் என்று சொல்கிறேன்.

என் ஜெராக்ஸ் கடை மருத்துவமனைப் பக்கம். வேலூருக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வரி: இங்கே மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ வைத்தியத்துக்கு வருகிறார்கள். சுற்றியிருக்கும் தெருக்களில் வங்காளி எழுத்தில் போர்டுகள், கடுகெண்ணெய் விற்கும் மளிகைக் கடைகள், அடுப்போடு வாடகைக்கு விடும் லாட்ஜ் அறைகள். பலர் வாரக்கணக்கில் தங்கித் தாங்களே சமைத்துச் சாப்பிடுகிறார்கள்.

2017 டிசம்பரில் நாங்கள் 100 பிரியாணிப் பொட்டலம் போட்டோம். காலை பதினொன்றரை மணிக்கு, சாலையோரம் உட்கார்ந்திருந்தவர்களிடம் கொடுத்துக்கொண்டே போனோம். சிலர் இப்போதுதான் சாப்பிட்டேன் என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினார்கள், எங்களுக்குப் புரியவில்லை, இன்னொன்று கொடுத்தோம். ஒருவர் அசைவம் சாப்பிடாதவர். மதியம் திரும்பி வரும்போது மதில் மேல் ஏழெட்டுப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தன, காக்கை கொத்திக்கொண்டிருந்தது.

அதைவிடப் பெரிய விஷயம் போட்டோ. கொடுக்கும்போது நான்தான் போட்டோ எடுத்தேன். ஓர் அம்மா ஒரு கையால் பொட்டலத்தை வாங்கிக்கொண்டே மறு கையால் முந்தானையை இழுத்து முகத்தை மூடினார். அதையும் எடுத்துவிட்டேன். மறுநாள் காலை அதே அம்மா என் கடைக்கு ரிப்போர்ட் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். மொத்தம் 14 பக்கம். மகனுடைய ரிப்போர்ட். சில்லறையை எண்ணி மேஜை மேல் வைத்தார், என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பாக்கி ஒரு ரூபாயைக்கூட விடாமல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவருக்குச் சோறு வாங்க வழியில்லாமல் இல்லை. மகனுடைய உடம்பு எப்படி இருக்கிறது என்று அவருடைய மொழியில் கேட்க ஒரு ஆள் இல்லை, அதுதான் இல்லாமல் இருந்தது. அன்றைக்குத்தான் அந்தப் படங்களை அழித்தேன்.

"கீ லாக்பே?" என்றால் வங்காளியில் "என்ன வேணும்?" அந்த இரண்டு வார்த்தையை எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் இப்போது தெரியும். கேட்டால் கிடைக்கும் பதில்கள்: ஸ்கேன் எடுக்கும் இடம் எது, காட்பாடி ஸ்டேஷனுக்கு எந்த பஸ், போன் ரீசார்ஜ் எங்கே செய்வது, ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுக்கலாம். பிரியாணி என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

ஜூலை 3

ஆம்பூர்த் தம்பி எழுதியிருக்கிறார், போட்டோ காட்டாவிட்டால் பாஸ்டரேட் கமிட்டியில் (சபை நிர்வாகக் குழுவில்) அடுத்த முறை பணம் வாங்க முடியாது என்று. உண்மைதான், எங்களுக்கும் அந்தச் சிக்கல் இருந்தது. நாங்கள் செய்தது: பில்களை ஒட்டி ஒரு பக்கத்தில் கணக்கு, கூடவே பிள்ளைகள் திரும்பி வந்து பாத்திரம் கழுவும் படம், சைக்கிளில் குடத்தைக் கட்டும் படம். வாங்கியவர்கள் முகம் ஒன்றுகூடக் கிடையாது. கமிட்டியில் ஒரு பெரியவர் முகம் சுளித்தார். நான் மத்தேயு 6-ஆம் அதிகாரத்தைத் திறந்து, வலதுகை செய்வதை இடதுகை அறியக் கூடாது என்ற பகுதியை வாசித்தேன். பணம் கிடைத்தது.

ஜூலை 3, இரவு

மேலே உள்ளதைப் படித்துவிட்டுத் தங்கை, அப்படியானால் அன்றைக்குப் போனையே வாங்கி வைத்துவிடலாமா என்று கேட்கிறார். ஒரு வருடம் நானும் அப்படித்தான் செய்தேன், ஒரு துணிப்பையில் எல்லாப் போனையும் போட்டுப் பூட்டினேன். அது தவறு என்று இப்போது நினைக்கிறேன். மொழிபெயர்க்க, வழி பார்க்க, படிவம் நிரப்ப என்று எல்லாவற்றுக்கும் போன் வேண்டியிருக்கிறது. குழுவுக்கு ஒரு போன் வைத்துக்கொள்ளட்டும், அதில் கேமராவைத் தொடுவதில்லை என்று அவர்களே முடிவு செய்யட்டும். பூட்டி வைப்பதைவிட அது நன்றாக வேலை செய்தது.

ஜூலை 6, ஞாயிறு

திருத்தம். ஜூன் 29 குறிப்பில் ஐடா ஸ்கடர் கதை வேலூரில் நடந்தது என்று எழுதிவிட்டேன். திண்டிவனத்திலிருந்து ஓர் ஆசிரியை சரியாகப் பிடித்துவிட்டார், அவருக்கு நன்றி. அந்த ராத்திரி நடந்தது திண்டிவனத்தில். அங்கே அவருடைய அப்பா மருத்துவராக இருந்தார். ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியைக் காப்பாற்றும்படி ஐடாவிடம் கேட்டார்கள். நான் டாக்டர் இல்லை, அப்பாவை அனுப்புகிறேன் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் போய்விட்டார்கள். காலையில் மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்தார். பிறந்தது ராணிப்பேட்டையில், 1870-இல். 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கினார். 1902-இல் 40 படுக்கை மருத்துவமனை, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

நாடகமாகப் போடும்போது எல்லோரும் அந்த மூன்று கதவுத்தட்டலோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பின்னால் வரும் பாகம். குடியாத்தம் சாலையில் மரத்தடி மரத்தடியாக வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்தார், வார வாரம். எந்த மரத்தடி, எந்த நாள் என்று ஜனங்களுக்குத் தெரியும், நடக்க முடியாதவர்களைத் தூக்கிக்கொண்டு வந்து காத்திருப்பார்கள். குடியாத்தத்துப் பிள்ளைகள் உங்களுக்கு இதைவிடப் பக்கத்தில் என்ன கதை வேண்டும்? உங்கள் சாலைதான் அது.

ஜூலை 9

ரத்ததானம் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 18 வயது முடிந்திருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5-ஆவது இருக்க வேண்டும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். நம்முடைய பெண் பிள்ளைகள் ஆசையோடு வந்து ஹீமோகுளோபின் குறைவு என்று திரும்பிப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களைத் தோற்றவர்கள் மாதிரி வெளியே உட்கார வைக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு முருங்கைக்கீரையும் டாக்டரும் வேண்டும், அதைச் சொல்லி அனுப்புவதும் அன்றைய வேலையில் ஒன்றுதான்.

ஒரே நாளில் 30 பேரும் கொடுத்துவிடுவதைவிட, பெயர், ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி எழுதிய ஒரு நோட்டு வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. ஆபரேஷனுக்கு ரத்தம் ஏற்பாடு செய்யச் சொன்னால், ஊரில் இருப்பவர் தம்பி, மச்சான் என்று கூப்பிடுவார். ராஞ்சியிலிருந்து வந்தவர் யாரைக் கூப்பிடுவார்? எங்கள் நோட்டில் 19 பெயர் இருக்கிறது. ஓ நெகட்டிவ் ஒருவன்தான், அவன் எங்கே போனாலும் எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போவான்.

காசு மட்டும் வாங்கக் கூடாது. காசுக்கு ரத்தம் கொடுப்பது 1998 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. ஆட்டோவுக்கு என்று நீட்டினாலும் வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அந்த நேரத்தில் மறுக்க அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும்.

ஜூலை 12

விளையாட்டு ஏதாவது சொல்லச் சொன்னீர்கள். டிசம்பரில் சீட்டுக் குலுக்கி, வந்த பெயருக்கு ரகசியமாகப் பரிசு கொடுக்கும் கிறிஸ்மாம், கிறிஸ்சைல்டு விளையாடுவோம் இல்லையா, அதையே ஜூலையில் விளையாடுங்கள். பரிசு கிடையாது, காசு செலவழிக்கக் கூடாது. சீட்டில் வந்த பெயருக்கு ஒரு வாரம் யாருக்கும் தெரியாமல் ஏதாவது செய்ய வேண்டும். எங்களில் ஒருவனுடைய சைக்கிளுக்கு வாரம் முழுக்க யாரோ காற்றடித்து வைத்திருந்தார்கள். யார் என்று இன்றுவரை தெரியவில்லை, மூன்று வருடம் ஆகிறது, இப்போதும் அவன் எல்லோரையும் விசாரித்துக்கொண்டிருக்கிறான்.

ஜூலை 13, ஞாயிறு

தலைப்பை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று விளையாட்டைப் பற்றி எழுதும்போது இந்த வருடத் தண்ணீர்ப்பந்தல் ஞாபகம் வந்தது.

வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும். ஏப்ரல் வந்தால் தெருவுக்கு ஒரு தண்ணீர்ப்பந்தல் திறப்பார்கள், மாலை, பேனர், மோர், தர்பூசணி எல்லாம் முதல் நாள் இருக்கும். ஆறாம் நாள் போய்ப் பாருங்கள். பானை கவிழ்ந்து கிடக்கும். எங்கள் ஐக்கியமும் இரண்டு வருடம் அப்படித்தான் செய்தது.

மூன்றாவது வருடம் பேனர் இல்லை. இரண்டு மண்பானை, அடியில் மணல், மேலே ஈரச்சாக்கு. உள்ளே கையை விடாமல் மொள்ள நீளப் பிடி வைத்த அகப்பை ஒன்று. டம்ளரைச் சங்கிலியில் கட்டலாம் என்று ஒருவர் சொன்னார், பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. திருடிக்கொண்டு போனால் போகட்டும், சங்கிலியில் கட்டிய டம்ளரில் குடிக்க எனக்கே மனசு வராது என்றாள் ஒரு பெண். அவள் சொன்னது சரி. அந்தக் கோடையில் இரண்டு டம்ளர்தான் போயின.

முறை போட்டோம். காலை ஆறரைக்கு ஒருவர், மதியம் ஒரு மணிக்கு ஒருவர். நிரப்பியவர் சாக்கை நனைத்துவிட்டு, டம்ளர்களைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போக வேண்டும். மதிய முறைதான் கஷ்டம், யாருக்கும் அந்த வெயிலில் வெளியே வர மனம் வராது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்திருந்த ஒருவன் 11 நாள் மதிய முறையைத் தானே எடுத்துக்கொண்டான். ஒரு நாள் நான் எதேச்சையாகப் போனேன். துப்புரவுப் பணியாளர் அக்கா ஒருவர் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவனிடம், "நேத்து நீ வரலையோன்னு பாத்தேன், பானை ரொம்பியிருந்துச்சு, அப்ப வந்துட்டேன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார். அவனைப் பார்க்காமலேயே அவன் வந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த ஏப்ரலுக்கு இதை நினைவில் வையுங்கள். ஆகஸ்ட் 2-க்கு இது ஆகாது.

ஜூலை 19, சனி

தங்கையிடமிருந்து தகவல் வந்திருக்கிறது. மூன்று பேர் வெறுங்கையோடு போய்க் கேட்டிருக்கிறார்கள். ஆகஸ்ட் 2 அன்று வேறொரு குழு ஏற்கனவே சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறதாம், பழமெல்லாம் தேவையில்லை என்று இல்லத்தில் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஏமாற்றம். கிளம்பும்போது, அங்கே சமையல் செய்யும் அக்கா வாசல் வரை கூடவே வந்து, "உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமாம்மா?" என்று கேட்டாராம்.

அவர் சமையல் முடிந்து வீட்டுக்குப் போய் பீடி சுற்றுகிறார். மகள் எட்டாம் வகுப்பு. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் தொழிலாளர், வேலைவாய்ப்பு அமைச்சகம் கல்வி உதவித்தொகை தருகிறது, ஒன்றாம் வகுப்பிலிருந்து கல்லூரிவரை. தேசிய உதவித்தொகை இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். போன வருடம் ஒரு கடையில் காசு கொடுத்துப் போட்டார்களாம், பெயர் தப்பாகி நிராகரிக்கப்பட்டதாம். அந்தத் தெருவில் இப்படிப் பல வீடுகளாம்.

தங்கை, உங்கள் நிகழ்ச்சி கிடைத்துவிட்டது. எரிகோ வழியோரம் கூப்பிட்ட பர்திமேயுவிடம்கூட இயேசு, உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். கண் தெரியாதவனுக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்டார். நீங்களும் கேட்டீர்கள், யாரிடம் கேட்டீர்களோ அவர்களை விட்டுவிட்டுச் சமையலறையிலிருந்து பதில் வந்திருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

நாள் எப்படிப் போக வேண்டும் என்று நேற்று ராத்திரி யோசித்தேன். ஒன்பது மணிக்கு ஜெபம், அந்த 13 வசனம், முக்கால் மணிக்கு மேல் போக வேண்டாம். பத்து மணிக்கு வேலை தொடங்கிவிட வேண்டும். கோயில் ஹாலுக்கு அவர்களை வரச் சொல்லாதீர்கள். ஒரு நாள் பீடி சுற்றாவிட்டால் அன்றைய கூலி போய்விடும். நீங்கள் அவர்கள் திண்ணைக்குப் போங்கள். அவர்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு சுற்றட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு நிரப்புங்கள்.

அதற்கு முந்தின வாரமே மூன்று பேர் வீடு வீடாகப் போய் என்னென்ன காகிதம் எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை, பிள்ளையின் ஆதார், வங்கிப் புத்தகம், போன வருட மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்று. ஆதாரில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் இன்னொரு பெயர், பள்ளியில் மூன்றாவது பெயர் என்று இருக்கும். இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில். பாதி விண்ணப்பம் அடிபடுவது அங்கேதான், என் கடையில் தினமும் பார்க்கிறேன். இன்னொன்று, ஓடிபி எந்த எண்ணுக்குப் போகிறது, அந்தப் போன் அன்றைக்கு வீட்டில் இருக்குமா என்று கேட்டு வையுங்கள்.

அவர்களுடைய ஆதார் எண், கடவுச்சொல் எதையும் பிள்ளைகள் தங்கள் போனில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு தாளில் எழுதி அந்த அம்மா கையிலேயே கொடுத்துவிட வேண்டும். இதில் நான் கண்டிப்பானவன்.

கம்ப்யூட்டர் தெரியாத சின்னப் பிள்ளைகள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். இலை வெட்டலாம், நூல் கட்டலாம் என்று சொல்ல நினைத்தேன், சொல்ல மாட்டேன். பீடி வேலையில் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் கை படக் கூடாது என்பது சட்டம். பள்ளிக்குப் போக உதவித்தொகை வாங்கப் போகிற இடத்தில் நம் பிள்ளைகளை அந்த வேலையில் உட்கார வைக்கக் கூடாது. தண்ணீர் பிடித்து வரட்டும், அங்கிருக்கும் குழந்தைகளோடு பல்லாங்குழி ஆடட்டும். 3,000 ரூபாயில் பிரிண்ட், ஜெராக்ஸ், டீ, பன், பஸ் செலவு போக மிச்சமே இருக்கும்.

ஆகஸ்ட் 2, இரவு

இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். பள்ளிகொண்டா வழியாக பஸ்ஸில் கடைப் பிரிண்டரை மடியில் வைத்துக்கொண்டு போனேன், அப்படியே திரும்பினேன். தோள் வலிக்கிறது, தூக்கம் வரவில்லை.

17 வீடு. 9 விண்ணப்பம் முழுதாக முடிந்தது. மற்றவற்றில் மூன்றுக்கு வருமானச் சான்று இல்லை, இ-சேவை மையத்தில் போட வேண்டும். ஐந்தில் பெயர்ப் பிரச்சினை. சமையல் அக்காவின் மகளுடையது முதலில் முடிந்த ஒன்பதில் ஒன்று.

ஒரு வீட்டில் ஓடிபி திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகனுடைய எண்ணுக்குப் போயிற்று. அவனுக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை, ஷிப்ட். அந்த அம்மா, "மத்தியானம் சாப்பிடறப்ப எடுப்பான்" என்றார். நம் பிள்ளைகள் மூன்று பேரும் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒன்றே கால் மணிக்கு அவன் எடுத்தான். எண்ணைச் சொல்லிவிட்டு, "அம்மா சாப்ட்டாங்களா?" என்று கேட்டான். ஸ்பீக்கரில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. அவர் சுற்றிக்கொண்டிருந்த பீடியைக் கீழே வைக்காமலே, "சாப்ட்டேன்டா" என்றார். சாப்பிட்டிருக்கவில்லை. நம் பெண்களில் ஒருத்தி உள்ளே போய்ச் சோற்றைப் போட்டுக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

செலவு 1,140 ரூபாய். தங்கை கணக்கு அனுப்பியிருக்கிறார். மீதியை வைத்து இந்த வருடம் முழுக்க இன்டர்நெட் ரீசார்ஜும் பிரிண்டும் பார்த்துக்கொள்ளலாமா என்று ஆயரிடம் கேட்டிருக்கிறார்களாம். சரி என்று சொல்லியிருக்கிறார்.

நேற்று மாலை கிளம்பும்போது ஒரு பாட்டி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த சனிக்கிழமையும் வருவீர்களா, கௌண்டன்யா ஆற்றுக்கு அந்தப் பக்கம் தங்கச்சி பேரன் ரெண்டு பேர் இருக்காங்க என்றார். வருவோம் என்று தங்கை சொல்லிவிட்டார். யார் யார் போவது என்று இன்று ஆராதனை முடிந்ததும் முறை எழுதியிருக்கிறார்கள், ஆகஸ்ட் முழுக்க நான்கு பேர் நான்கு பேராக. பிரிண்டரை வெள்ளிக்கிழமை மாலையே பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுகிறேன், குடியாத்தம் பஸ் ஸ்டாண்டில் யாராவது வந்து இறக்கிக்கொள்ளுங்கள். மை புதிதாகப் போட்டு வைத்திருக்கிறேன்.